என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள்

மருத்துவமனைகளை நிர்வகிப்போருக்கும், அங்கே நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும், மருத்துவப் பாடத்திட்டத்தை வகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்.

புறநோயாளிச் சீட்டில் நோயாளியின் தொழிலை எழுத ஒரு வரி ஒதுக்குங்கள் என்று ஒரு மருத்துவமனை நிர்வாகத்துக்கு மனு கொடுத்திருந்தேன். "தேவைப்பட்டால் மருத்துவரே கேட்டுக்கொள்வார், சீட்டில் மாற்றம் செய்யும் உத்தேசம் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. என் அண்ணனுக்குத் தேவைப்பட்டது. யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அந்தப் பதிலை வாங்கி மடித்து வைத்துவிட என்னால் முடியவில்லை. தொழிலுக்கு இடமில்லாத சீட்டு அந்த ஒரு மருத்துவமனையில் மட்டும் இல்லை என்பதால் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் தகடுகளை உருக்கிக் காரீயக் கட்டிகளாக வார்க்கும் பட்டறையில் வேலை செய்தார். முதலில் வந்தது வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும். சுருண்டு படுத்து வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டால் சற்றுத் தணியும். கூடவே தீராத மலச்சிக்கல். குடல்புண் என்றார்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் அவர் வலியை மிகைப்படுத்துகிறார் என்ற சந்தேகம் மருத்துவர் பேச்சில் வந்துவிட்டது. பிறகு முகம் வெளுத்தது. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை. மாதக்கணக்கில் விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவரையே கடிந்துகொண்டார்கள். தூக்கம் கெட்டது, மறதி வந்தது, பொறுமைசாலியான மனிதர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழத் தொடங்கினார். அதற்கு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். கடைசியில் வலது மணிக்கட்டு தளர்ந்து, கையை மேலே நிமிர்த்த முடியாமல் தொங்கியது. தூக்கத்தில் கையின் மேல் படுத்து நரம்பு அழுந்தியிருக்கும் என்றார் நரம்பியல் மருத்துவர்.

வயிறு ஒருவரிடம், ரத்தம் ஒருவரிடம், மனம் ஒருவரிடம், கை ஒருவரிடம். அவர்களில் எவரும் அக்கறையற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். தத்தம் பகுதியைக் கவனமாகவே பார்த்தார்கள். வலி எப்போது வரும், எங்கே பரவும், குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றெல்லாம் கேட்டார்கள். பகல் முழுவதும் இந்த மனிதர் எதற்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை மட்டும் கேட்கவில்லை.

கேட்டவர் ஓர் இளம் பயிற்சி மருத்துவர். ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தவர், நகக்கண்களில் படிந்திருந்த கறுப்பைப் பார்த்து, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றார். அண்ணன் சொன்னார். அவர் வாயைத் திறக்கச் சொல்லி ஈறுகளைப் பார்த்தார். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு மெல்லிய கோடு. அதை 1840இலேயே பர்டன் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்திருக்கிறார் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ரத்தத்தில் காரீயத்தின் அளவைப் பார்த்தபோது டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தீங்கில்லாத அளவு என்று ஒன்று இதுவரை அறியப்படவில்லை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

அந்த நான்கு நோய்களும் ஒரே நோய். ரத்தச் சிவப்பணுவுக்கு நிறம் தரும் ஹீம் உருவாகும் பாதையில் காரீயம் குறுக்கே நிற்கிறது. உடம்பில் இரும்பு இருக்கும், அதை ஹீமுக்குள் பொருத்தும் நொதி செயல்படாது. பொருத்தும் நொதி முடங்கிக் கிடக்கும்போது மேலும் மேலும் இரும்பைக் கொடுத்து என்ன ஆகும்? மாத்திரையை ஒழுங்காக விழுங்கிய மனிதரைத்தான் பொய்யர் என்று நினைத்தார்கள். வயிற்றின் முறுக்கலும், மணிக்கட்டின் தளர்ச்சியும், மறதியும், எரிச்சலும் காரீயம் நரம்புகளைத் தொட்டதன் விளைவுகள். இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நூறு காரணங்கள் இருக்கலாம். பேட்டரி உருக்கும் ஒருவரின் உடம்பில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இதற்குப் பின் நடந்ததுதான் என்னை அதிகம் வருத்துகிறது. காரீயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து கொடுத்தார்கள். அளவு இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது "பணிக்குத் திரும்பத் தகுதியானவர்" என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். எந்தப் பணிக்கு? அதே உலைக்கு. அதே புகைக்கு. பெரியவர்களின் உடம்பில் சேர்ந்த காரீயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில்தான் தங்கியிருக்கிறது. ரத்தத்தில் இருப்பது ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும், எலும்பில் இருப்பதற்கோ பல பத்தாண்டுகள் ஆகும். மருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்ததும் எலும்பிலிருந்து மறுபடியும் கசிந்து வருகிறது. அதற்கு மேல் புதிய புகையும் சேர்ந்தால் சிகிச்சைக்கு என்ன பொருள்? அண்ணனின் அளவு மீண்டும் ஏறியது. வேலையிலிருந்து விலக்குவதுதான் இந்த நோய்க்கு முதல் மருந்து என்பதை உங்களில் ஒருவர் அந்தச் சான்றிதழில் ஒரே ஒரு வரியாக எழுதியிருந்தால், பட்டறை முதலாளியிடம் வேறு வேலை கேட்க அவரிடம் ஒரு தாளாவது இருந்திருக்கும்.

அவருடைய இளைய மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச்சு வரத் தாமதமானது. சில குழந்தைகள் அப்படித்தான், பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். அண்ணி வேலையுடுப்புகளை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தார். அண்ணன் வேலை முடிந்து வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொள்வார். தூசி இப்படித்தான் பட்டறையிலிருந்து வீடு வந்து சேர்கிறது என்று எங்களுக்குச் சொல்ல யாருமில்லை. விழுங்கும் காரீயத்தை ஒரு பெரியவரின் உடம்பு ஈர்ப்பதைவிடக் குழந்தையின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக ஈர்க்கும். குழந்தைக்குப் பெரும்பாலும் வயிற்றுவலி வராது, கை தொங்காது. கவனம் சிதறும், கற்பது மெதுவாகும், அறிவுத்திறன் சில புள்ளிகள் இறங்கும். அறிகுறியே இல்லாமல் நடக்கும் இழப்பு அது, பிறகு திரும்பி வருவதும் இல்லை. அப்பாவுக்கு விஷம் உறுதியான அன்றே, "வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டிருக்க வேண்டாமா? நாங்களே வற்புறுத்திய பிறகுதான் அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவள் ரத்தத்திலும் காரீயம் இருந்தது. உலகில் மூன்று குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு, அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளுக்கு, 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் ரத்தத்தில் இருக்கிறது என்று யூனிசெப் 2020இல் மதிப்பிட்டது. இது எங்கள் வீட்டு விபத்து என்று ஒதுக்க வேண்டாம்.

காரீயத்தோடு நிறுத்தினால் இதை ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தனிக்குறையாக எடுத்துக்கொள்வீர்கள். நச்சுப்பொருள்கள் பலவும் தமக்கென்று தனி அடையாளம் இல்லாமல், தினமும் நீங்கள் பார்க்கும் சாதாரண நோய்களின் உருவத்தில்தான் உங்கள் முன் வந்து உட்காருகின்றன.

தலைவலி, தலைசுற்றல், வாந்தி, அசதி என்று ஒருவர் வருகிறார். காய்ச்சல் இல்லை. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 என்று காட்டுகிறது. வைரஸ் தொற்று என்று அனுப்பிவிடுகிறார்கள். அவர் திரும்பிப் போவது, சரியாக எரியாத அடுப்போ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருக்கும் அதே மூடிய அறைக்கு. அந்த அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு வாயு ஒட்டிய ஹீமோகுளோபினை அந்தக் கருவி ஆக்சிஜன் ஒட்டியதாகவே எண்ணிக்கொள்கிறது. அதனால் அது காட்டும் எண் இங்கே பொய். "வீட்டில் வேறு யாருக்காவது இதே தலைவலி இருக்கிறதா? வெளியே போனால் குறைகிறதா?" என்ற இரண்டு கேள்விகள்தான் இங்கே உயிர் காப்பவை. சாதாரணக் காற்றில் ஐந்தாறு மணி நேரத்தில் பாதியாகும் நச்சு, முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். யாரேனும் சந்தேகித்தால்தானே ஆக்சிஜன் கொடுப்பார்கள்?

வியர்வை, எச்சில், கண்ணீர் பெருக, வாந்தியும் பேதியுமாக ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். கெட்டுப்போன உணவு என்று நினைப்பது எளிது. கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறதா, இன்று பூச்சிமருந்து தெளித்தீர்களா என்று பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டால் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் நச்சு என்று புரியும், அதற்கான முறிமருந்து அட்ரோபின் கைக்கு வரும். தேறிவிட்டார் என்று அனுப்பிய பிறகும், நச்சு உள்ளே போன ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் போய், மூச்சுத்தசைகள் அயர்ந்து சாகக்கூடும் என்பதும் உங்கள் நூல்களிலேயே இருக்கிறது.

கல்லுடைப்பவரின் எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது உண்டு. சிலிக்கா தூசி படிந்த நுரையீரலும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். அந்தத் தூசி படிந்தவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். பாதமும் விரல்களும் மரத்துப்போகின்றன என்று வருபவருக்குச் சர்க்கரை இல்லை என்றதும் வைட்டமின் எழுதுகிறீர்கள். அவர் நாள் முழுவதும் ஹெக்ஸேன் என்ற கரைப்பான் கலந்த பசையின் ஆவியை மூடிய அறையில் சுவாசிப்பவராக இருக்கலாம். அந்த நரம்புக்கேடு வேலையை விட்ட பிறகும் சில வாரங்களோ மாதங்களோ கூடிக்கொண்டே போய்த்தான் பிறகு மெதுவாகக் குறையும். அதை அறியாத நோயாளி, வேலையை விட்டும் பயனில்லை என்று நினைத்து அதே இடத்துக்குத் திரும்பிவிடுவார்.

காலம் என்பது இதில் பெரிய ஏமாற்று. கேரன் வெட்டர்ஹான் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியரின் கையுறை மீது 1996 ஆகஸ்டில் டைமெதில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மத்தின் சில துளிகள் விழுந்தன. அந்த ரப்பர் உறையை அது நொடிகளில் ஊடுருவிவிடும் என்று அப்போது பரவலாகத் தெரியாது. அடுத்த ஜனவரியில்தான் நடை தள்ளாடிப் பேச்சுக் குழறி மருத்துவமனைக்குப் போனார். 1997 ஜூனில் இறந்தார். படித்தவர், தான் எதைத் தொட்டோம் என்று பெயர் சொல்லத் தெரிந்தவர், குறிப்பேடு வைத்திருந்தவர். அவருக்கே இடையில் ஐந்து மாதம் கழிந்தது. கல்நார் எனும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியோ 20, 30, 40 ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக எழுகிறது. எனவே இப்போது என்ன வேலை என்பதோடு, முன்பு என்ன வேலை என்றும் கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற முதியவரின் நுரையீரலில் இருப்பது அவருடைய இளமைக்காலத் தூசி.

நான் கேட்பது புதிதல்ல. நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் வகுத்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று 1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி எழுதினார். அவர் சேர்த்த கேள்வி, "உன் தொழில் என்ன?" முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, இன்னும் உங்கள் சீட்டில் அதற்கு ஒரு வரி இல்லை. 1910இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் காரீயத் தொழில்களை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், மருத்துவமனைப் பதிவேடுகளோடு நின்றுவிடாமல் தொழிலாளர்களின் வீடுகளுக்கே போய்ப் பேசிப் பேசித்தான் எந்த வேலையில் எந்த நோய் என்று நிறுவினார். 1983இல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே. சி. சாகா, தம்மிடம் வந்தவர்களின் தோலில் மழைத்துளி போன்ற புள்ளிகளையும் உள்ளங்கையின் தடிப்பையும் கண்டு, களிம்பு எழுதி அனுப்பாமல், ஆர்சனிக் நச்சு என்று கண்டார். காரணம் அவர்கள் குடித்த குழாய்க்கிணற்று நீர். 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், கல்லீரலில் மிக அரிதாக வரும் ஒரே வகைப் புற்றுநோய் ஒரே ஆலையின் தொழிலாளர் சிலருக்கு வந்திருப்பதை அவ்வாலையின் மருத்துவர் ஜான் கிரீச் கவனித்தார். பிளாஸ்டிக் செய்ய அங்கே பயன்படுத்திய வினைல் குளோரைடு புற்றுநோய் தரும் என்பது அப்படித்தான் உலகுக்கு உறுதியானது. இவர்கள் யாரிடமும் உங்களிடம் இல்லாத அதிசயக் கருவி ஏதும் இருக்கவில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1977இல் கலிபோர்னியாவின் ஒரு பூச்சிமருந்து ஆலையில், தங்கள் பகுதியில் வேலை செய்யும் எவருக்கும் குழந்தை பிறப்பதில்லை என்பதைத் தொழிலாளர்களே தங்களுக்குள் பேசிக்கொண்டு கண்டுபிடித்தார்கள். டிபிசிபி என்ற ரசாயனம் அவர்களில் பலரை மலடாக்கியிருந்தது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956 மே 1ஆம் தேதி பெயர் தெரியாத மூளை நோய் என்று முதல் அறிக்கை பதிவானது. தொற்றுநோய் என்று பயந்து நோயாளிகளை ஒதுக்கி வைத்தார்கள். ஆலைக் கழிவிலிருந்த மெதில் மெர்குரி என்ற பாதரச நச்சுதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968இல். பன்னிரண்டு ஆண்டுகள் விஷம் கடலில் கலந்துகொண்டே இருந்தது. அங்கே ஆலை மறைத்தது, அரசு தயங்கியது. முதலில் குரல் கொடுத்தது ஆலை மருத்துவமனையின் மருத்துவர்தான் என்பதையும் நான் மறக்கவில்லை. உங்கள் தொழிலுக்கு அந்தப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை நம்பித்தான் உங்களிடம் கேட்கிறேன்.

நேரமில்லை என்பீர்கள். புறநோயாளி வரிசை எவ்வளவு நீளம் என்று நானும் நின்று பார்த்தவள்தான். சீட்டு எழுதுமிடத்தில் வயதைக் கேட்பதுபோலவே தொழிலையும் கேட்டு எழுதிவிடலாம், உங்கள் நேரம் ஒரு நொடிகூட ஆகாது. அது கண்ணில் பட்டதும் சந்தேகம் எழுந்தால் மட்டும் நீங்கள் தொடர்ந்தால் போதும்: எதைக் கையாளுகிறீர்கள், புகையா தூசியா ஆவியா, விடுமுறை நாளில் தொல்லை குறைகிறதா, உடன் வேலை செய்பவருக்கும் இருக்கிறதா. காரணம் தெரியாமல் அண்ணனுக்கு எடுத்த ஸ்கேன்களும் எழுதிய மருந்துகளும் பார்த்த மருத்துவர்களும் சாப்பிட்ட நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொழிலாளிக்கு ரசாயனத்தின் பெயர் தெரியாது என்பீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் என்ன நிறம், என்ன வாசனை, எந்த வேலைக்கு, கையில் பட்டால் என்ன ஆகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெயரைக் கண்டுபிடிப்பது உங்களால் முடியும். சிலர் வேலை போய்விடும் என்று அஞ்சி மறைப்பார்கள், உண்மை. அதனால்தான் கேட்கும்போதே, இது ரகசியமாக இருக்கும், உங்கள் சம்மதம் இல்லாமல் முதலாளிக்குப் போகாது என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

மக்களை வீணாகப் பயமுறுத்துவதாகும் என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஒவ்வொரு வயிற்றுவலியும் காரீயம் அல்ல, ஒவ்வொரு அசதியும் விஷம் அல்ல. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட இடத்தில்தான் உடம்பின் நச்சை நீக்குகிறோம் என்று விளம்பரம் செய்வோர் நுழைகிறார்கள். பரிசோதனையே இல்லாமல் மருந்தேற்றுகிறார்கள். உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் எடிடிஏ வகை மருந்துகளில் தவறான ஒன்று ஏற்றப்பட்டு, ரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்தவர்கள் உண்டு. முறையாகக் கேட்டு, முறையாகச் சோதித்து, இல்லை என்றால் இல்லை என்று சொல்லும் மருத்துவர் இருந்தால் மக்கள் அவர்களிடம் ஏன் போகப்போகிறார்கள்?

ஆகவே என் கோரிக்கைகள்.

மருத்துவமனை நிர்வாகிகளே, புறநோயாளிச் சீட்டிலும் உள்நோயாளிப் பதிவிலும் இப்போதைய தொழில், முன்பு செய்த தொழில் இரண்டுக்கும் இடம் ஒதுக்குங்கள். குழந்தையின் சீட்டில் பெற்றோரின் தொழிலும், வீட்டில் இருப்போர் செய்யும் வேலையும் எழுதப்பட வேண்டும். "கூலி" என்று மட்டும் எழுதி முடிக்கக் கூடாது. எதை வைத்து என்ன செய்யும் கூலி என்று எழுதச் சொல்லுங்கள். இல்லத்தரசி என்று எழுதப்படும் பெண் வீட்டிலேயே என்ன வேலை எடுத்துச் செய்கிறார் என்றும் கேளுங்கள்.

ரத்தத்தில் காரீய அளவு, பூச்சிமருந்து நச்சைக் காட்டிக்கொடுக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியின் அளவு, கார்பன் மோனாக்சைடு அளவு ஆகிய மூன்றையாவது செய்ய வழி ஏற்படுத்துங்கள். உங்கள் ஆய்வகத்தில் முடியாவிட்டால் எந்த ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்புவது என்பது பணியில் இருக்கும் ஒவ்வொரு மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நச்சுத் தகவல் மையத்தின் தொலைபேசி எண் அவசரப் பிரிவின் சுவரில் இருக்கட்டும்.

மருத்துவர்களே, நச்சுப் பாதிப்பு உறுதியான ஒருவருக்கு "பணிக்குத் தகுதியானவர்" என்று வெறுமனே எழுதாதீர்கள். எந்தப் பொருளால் பாதிப்பு, எந்த வேலையிலிருந்து எவ்வளவு காலம் விலக்கப்பட வேண்டும், எப்போது மறுபரிசோதனை என்று தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த நச்சு தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது வெளியேற்றும் மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒருவருக்குக் கண்டறிந்தால், அவரோடு அதே இடத்தில் வேலை செய்பவர்களையும் அவர் வீட்டுக் குழந்தைகளையும், கருவுற்ற பெண் இருந்தால் அவரையும் பரிசோதனைக்கு அழையுங்கள். தாயின் எலும்பில் தங்கிய காரீயம் கர்ப்பகாலத்தில் வெளிவந்து கருவை எட்டும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். வேலையுடுப்பைத் தனியே துவைப்பது, குளித்து உடை மாற்றிவிட்டு வீடு திரும்புவது, தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது ஆகிய எளிய அறிவுரைகளை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். நோயாளியின் பெயரை வெளியிடாமலேயே தொழிற்சாலைகளைக் கண்காணிக்கும் துறைக்குத் தகவல் அனுப்பும் முறையையும் உருவாக்குங்கள்.

பாடத்திட்டம் வகுப்போரே, நான் பேசிய மருத்துவ மாணவர்கள், விஷம் என்றால் தற்கொலை, கொலை, பாம்புக்கடி என்பதாகவே படித்ததாகச் சொன்னார்கள். மெதுவாக, வேலையின் வழியாக, தூசியும் ஆவியுமாக உள்ளே போகும் விஷம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். நோய் வரலாறு கேட்கும் செய்முறைத் தேர்வில் தொழிலைக் கேட்காத மாணவருக்கு மதிப்பெண் குறையட்டும். பயிற்சிக் காலத்தில் ஒரு முறையாவது உலைகளுக்கும் கல்குவாரிகளுக்கும் பூச்சிமருந்து தெளிக்கும் வயல்களுக்கும் அவர்களை அழைத்துப் போங்கள். என் அண்ணனின் ஈறுகளைப் பார்த்த அந்த இளம் மருத்துவர் எங்கே அதைக் கற்றார் என்று எனக்குத் தெரியாது. அதை எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள்.

என் மனுவை மறுத்த நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள். அப்போதும் மறுப்பதாக இருந்தால், சீட்டில் ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை என்பதைக் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். மருத்துவரே கேட்டுக்கொள்வார் என்று இம்முறையும் எழுதினால், தொழில் குறிக்கப்பட்ட சீட்டுகள் உங்கள் பதிவேட்டில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
பேட்டரி உருக்கும் தொழிலாளி ஒருவரின் தங்கை